வரலாற்றுப் பதிவேட்டில் விடுபட்டவர்கள்

 

அமெரிக்கா என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவன விண்ணை முட்டும் மாளிகைகளே. அந்நாட்டின் வட டகோட்டா மாநிலத்தில், கோதுமை வயல்களுக்கு நடுவே ராஸ் என்றொரு சிற்றூர் இருப்பதை நம்மில் பலர் கேள்வியுற்றிருக்க மாட்டோம். 1900ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், அன்று உதுமானியப் பேரரசின் கீழிருந்த சிரியாப் பகுதியிலிருந்து கப்பலேறிய சில முஸ்லிம் குடும்பங்கள் அங்கே சென்று குடியேறின. குடியேறிப் பயிரிடுவோருக்கு 160 ஏக்கர் நிலம் வழங்கும் சட்டம் 1862 முதல் அந்நாட்டில் நடைமுறையில் இருந்தது. அந்த நிலத்தை நம்பிச் சென்றவர்கள், முதலில் தத்தம் வீடுகளில் கூடித் தொழுதனர். 1929இல் தங்கள் கைப்பொருளைக் கொண்டே ஒரு பள்ளிவாசலை எழுப்பினர். பாதி நிலத்துக்குள் பதிந்திருந்த, அலங்காரம் ஏதுமற்ற எளிய கட்டடம் அது. அமெரிக்காவில் தொழுகைக்கென்றே கட்டப்பட்ட மிகப் பழைய பள்ளிவாசல்களுள் ஒன்றாக வரலாற்றாசிரியர்கள் அதைக் குறிப்பிடுகின்றனர்.

அதே ஆண்டின் இறுதியில் பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கியது. வறட்சியும் உடன் சேர்ந்துகொண்டது. குடும்பங்கள் பிழைப்பைத் தேடி வேறிடம் பெயர்ந்தன. பிள்ளைகள் நகரங்களுக்குச் சென்றனர். காலப்போக்கில் தொழுவதற்கு ஆளின்றிப் பள்ளி பாழடைந்தது. 1970களின் இறுதியில் அது இடித்து அகற்றப்பட்டது. அருகிலிருந்த மையவாடி மட்டும் எஞ்சியது.

இனி, அயோவா மாநிலத்தின் சீடர் ராப்பிட்ஸ் நகருக்கு வருவோம். அங்கும் சிரியா, லெபனான் பகுதிகளிலிருந்து வந்த முஸ்லிம்கள் வாழ்ந்தனர். சரக்கைச் சுமந்து ஊர் ஊராக விற்றும், மளிகைக் கடை நடத்தியும் பிழைத்தவர்கள் அவர்கள். பெருமந்தத்தின் கடுமையான நாட்களிலேயே, 1934இல், மரத்தாலான ஒரு சிறிய பள்ளிவாசலைக் கட்டி முடித்தனர். 1970களின் தொடக்கத்தில் அந்நகரில் பெரியதோர் இஸ்லாமிய மையம் எழுந்ததும், பழைய பள்ளி விற்கப்பட்டது. அது பல கைகள் மாறி, வேறு பயன்பாடுகளுக்கு உள்ளாகிச் சீரழிந்தது. ஆயினும் 1990களின் தொடக்கத்தில் முஸ்லிம்கள் அதை மீட்டு வாங்கிச் செப்பனிட்டனர். 1996இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் அதற்கு இடம் கிடைத்தது. தொழுகைக்கென்றே கட்டப்பட்டு இன்றும் நிலைத்திருக்கும் அமெரிக்கப் பள்ளிவாசல்களுள் மூத்தது என்னும் பொருளில், 'அமெரிக்காவின் தாய்ப் பள்ளிவாசல்' என்றே அது அழைக்கப்படுகிறது.

இரண்டையும் எழுப்பியவர்கள் ஏறத்தாழ ஒரே மண்ணிலிருந்து சென்றவர்கள். இரண்டும் ஐந்தாண்டு இடைவெளியில் எழுந்தவை. ஒன்று மறைந்தது, மற்றொன்று நிலைத்தது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? சிறுபான்மையினரும் எளியோரும் எழுப்பிய இடங்களைக் காப்பதற்கு ஒரு நாடு எப்போது, எவ்வாறு பணம் கொடுக்கிறது? அப்பணம் யாரைச் சென்று சேர்கிறது? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பதிவேடு பிறந்த கதை

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்க நகரங்கள் வேகமாக உருமாறின. நெடுஞ்சாலைகள் நகரங்களின் நடுவே ஊடுருவிச் சென்றன. நகரப் புதுப்பிப்பு என்ற பெயரில் பழைய குடியிருப்புகள் தரைமட்டமாக்கப்பட்டன. மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரிலிருந்த ராண்டோ என்னும் கறுப்பின மக்களின் குடியிருப்பு, நெடுஞ்சாலைக்காகப் பிளக்கப்பட்டுச் சிதைந்தது. இதுபோன்ற கதை பல நகரங்களில் நடந்தது. எனினும் நாட்டையே திடுக்கிடச் செய்தது, 1963இல் நியூயார்க்கின் பெருமைமிகு பென்சில்வேனியா இரயில் நிலையம் இடிக்கப்படத் தொடங்கிய நிகழ்ச்சியே. ஏழைகளின் தெருக்கள் மறைந்தபோது எழாத ஓசை, செல்வர் போற்றிய கட்டடம் வீழ்ந்தபோது எழுந்தது.

அதன் தொடர்ச்சியாக 1966ஆம் ஆண்டு அக்டோபர் 15இல் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையொப்பமிட்டார். வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேடு ஒன்று உருவாயிற்று. மாநிலந்தோறும் இதற்கென அலுவலர் நியமிக்கப்பட்டனர். மத்திய அரசின் பணத்தில் சாலையோ அணையோ அமைப்பவர்கள், அதனால் வரலாற்று இடங்களுக்கு நேரும் பாதிப்பை முன்கூட்டியே ஆராய வேண்டும் என்ற கடமையும் விதிக்கப்பட்டது.

1976இல் இப்பணிக்கென வரலாற்றுப் பாதுகாப்பு நிதி ஏற்படுத்தப்பட்டது. கடலடியில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் குத்தகை வருவாயிலிருந்து, ஆண்டுக்கு 15 கோடி டாலர் வரை இந்நிதிக்கு ஒதுக்கலாம் என்பது சட்டத்தின் அனுமதி. ஒருமுறை எடுத்துவிட்டால் மீளாத வளத்தின் வருவாயைக் கொண்டு, ஒருமுறை இடிந்தால் மீளாத மற்றொரு வளத்தைக் காக்க வேண்டும் என்னும் சிந்தனை உண்மையிலேயே போற்றத்தக்கது. ஆயின் அத்தொகை முழுவதும் ஆண்டுதோறும் ஒதுக்கப்பட்டதில்லை.

விதிகளுக்குள் இருந்த வேலி

பதிவேட்டில் இன்று 95,000க்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. ஆனால் கறுப்பினத்தார், பூர்வகுடியினர், ஆசிய வழியினர், மெக்சிகோ முதலிய நாடுகளின் வழியினர் ஆகியோரது வரலாற்றைச் சொல்லும் இடங்கள், நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவையே என்று கணக்கிடப்பட்டது. இவர்களை விலக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை. அவ்வாறாயின் இக்குறை எங்கிருந்து வந்தது?

விதிகளைச் சற்று ஊன்றிப் படித்தால் விடை கிடைக்கும். ஓர் இடம் பதிவேட்டில் ஏற வேண்டுமானால், அது முக்கிய நிகழ்ச்சியோடோ, புகழ்பெற்ற மனிதரோடோ தொடர்புடையதாக இருக்க வேண்டும். அல்லது கட்டடக் கலையில் சிறந்ததாகவோ, ஆய்வுக்குரிய செய்திகளைத் தரவல்லதாகவோ இருக்க வேண்டும். அத்துடன், அதன் பழைய வடிவும் பொருள்களும் வேலைப்பாடும் பெரிதும் மாறாமல் இருத்தல் வேண்டும். வழிபாட்டுத் தலங்கள், அடக்கத் தலங்கள், இடம் பெயர்க்கப்பட்ட கட்டடங்கள், இடிந்து மீண்டும் கட்டப்பட்டவை, ஐம்பது ஆண்டு நிறையாதவை ஆகியன பொதுவாக ஏற்கப்படமாட்டா. சிறப்புக் காரணம் காட்டினால் மட்டுமே ஏற்கப்படும்.

செல்வர் தம் மாளிகையின் பழைய ஓட்டை மாற்றும்போது அதே வகை ஓட்டைத் தேடி வாங்க முடியும். ஏழைச் சமுதாயம் என்ன செய்யும்? மழை ஒழுகினால் கையில் கிடைத்த தகரத்தைப் போடும். மரச் சன்னல் உளுத்தால் மலிவான உலோகச் சன்னலைப் பொருத்தும். அவ்வளவுதான், 'பழைய வடிவு கெட்டுவிட்டது' என்னும் தீர்ப்பு வந்துவிடும். மேலும், அடக்கி வைக்கப்பட்ட சமுதாயங்களின் வாழ்வு நடந்ததெல்லாம் தேவாலயங்களிலும் அடக்கத் தலங்களிலும்தான். பொதுக்கூட்டமும் கல்வியும் உரிமைப் போராட்டமும் அங்கேதான் உருப்பெற்றன. விதியோ அவ்விரு வகை இடங்களையும் வாசலிலேயே நிறுத்தி விளக்கம் கேட்கிறது. யாருக்கும் எதிராக எழுதப்படாத விதி, எளியோருக்கு எதிராக வேலை செய்வது இப்படித்தான்.

இன்னொன்றும் உண்டு. வாடகை, வணிகம் முதலிய வருவாய் தரும் பழைய கட்டடத்தைச் செப்பனிடுவோர்க்கு, செலவில் நூற்றுக்கு 20 பங்கு மத்திய வரிச் சலுகையாகக் கிடைக்கிறது. தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் மையவாடிக்கும் அத்தகைய வருவாய் ஏது? ஆகவே அவற்றுக்கு அச்சலுகை பயன்படுவதில்லை. அவை எதிர்பார்க்கத்தக்கவை நன்கொடையும் மானியமும் மட்டுமே.

மக்கள் முந்தினர், பணம் பிந்தியது

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 19இல் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணையின் விளைவாக, ஜப்பானிய வழியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் தம் வீடுகளிலிருந்து அகற்றப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். பாலைவனங்களிலும் சதுப்பு நிலங்களிலும் அமைந்த பத்து முகாம்களில் அவர்கள் அடைக்கப்பட்டனர். போர் முடிந்ததும் முகாம்கள் கலைக்கப்பட்டன. தங்கும் கொட்டகைகள் பல, விவசாயிகளுக்கும் பிறருக்கும் விற்கப்பட்டன. அந்த அநீதி நடந்ததற்கான தடயமே அழிந்துவிடும் போலிருந்தது.

கலிபோர்னியாவின் மான்சனார் முகாமில், இறந்தோரின் நினைவாக 1943இல் முகாம்வாசிகளே எழுப்பிய வெண்ணிறத் தூண் ஒன்று மட்டும் பாலை மணலில் நின்றது. 1969 முதல் ஜப்பானிய வழியினர் ஆண்டுதோறும் அவ்விடத்துக்குக் கூட்டமாகச் சென்று நினைவுகூரத் தொடங்கினர். அன்று அவர்களுக்கு மானியமும் இல்லை. அரசின் ஆதரவும் இல்லை. அவர்களிடம் இருந்தது நினைவு ஒன்றே. 1988இல் அரசு முறைப்படி மன்னிப்புக் கேட்டு, அப்போது உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் இழப்பீடு அளிக்கச் சட்டம் இயற்றியது. 1992இல் மான்சனார் தேசிய வரலாற்றுத் தலமானது. 2006ஆம் ஆண்டு டிசம்பரில்தான், முகாம் இடங்களைக் காக்க மொத்தம் 3 கோடியே 80 லட்சம் டாலர் வரை மானியம் வழங்க வகைசெய்யும் சட்டம் வந்தது. அதன்படி அரசு இரண்டு டாலர் தந்தால், பெறுவோர் ஒரு டாலர் திரட்ட வேண்டும். முதல் நினைவுப் பயணத்துக்கும் இச்சட்டத்துக்கும் இடையே 37 ஆண்டுகள் கடந்துவிட்டன என்பதைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

கறுப்பின மக்களின் ரோசன்வால்ட் பள்ளிக்கூடங்களின் கதையும் இத்தகையதே. இன ஒதுக்கல் நிலவிய தென்மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு முறையான பள்ளிக்கூடம் இல்லாதிருந்த காலம். கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனும், ஜூலியஸ் ரோசன்வால்ட் என்னும் யூத வணிகரும் இணைந்து 1912இல் ஒரு திட்டத்தைத் தொடங்கினர். 1932 வரை நடந்த அத்திட்டத்தால் 15 மாநிலங்களில் ஏறக்குறைய 5,000 பள்ளிக்கூடங்கள் எழுந்தன. ரோசன்வால்ட் முழுச் செலவையும் ஏற்கவில்லை. அவ்வூர் மக்களும் பங்களிக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். மக்கள் நிலம் கொடுத்தனர், மரம் கொடுத்தனர், உடலுழைப்பைக் கொடுத்தனர். தம் வயலில் ஒரு பகுதியின் பருத்தியைப் பள்ளிக்கென்றே ஒதுக்கிப் பயிரிட்டோரும் இருந்தனர். இறுதியில் கணக்குப் பார்த்தபோது, ரோசன்வால்ட் நிதி தந்தது சுமார் 43 லட்சம் டாலர். அந்த ஏழை மக்கள் தந்ததோ சுமார் 47 லட்சம் டாலர். கொடையாளியை விடக் கொடை பெற்றவர்களே மிகுதியாகக் கொடுத்தனர்!

1954இல் இன ஒதுக்கல் கல்வி சட்டவிரோதம் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்புத்தான். ஆனால் அதன் பின்னர் பள்ளிகள் ஒன்றிணைக்கப்பட்டபோது, மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகளே. அவை வைக்கோல் அடைக்கும் கிடங்குகளாகவும் பாழ்மனைகளாகவும் ஆயின. 2002இல் தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை, பேராபத்திலுள்ள பதினொரு இடங்களின் பட்டியலில் இப்பள்ளிகளைச் சேர்த்தது. அதன் பின்னரே செப்பனிடும் நிதி வரத் தொடங்கியது. அதுவரை எஞ்சியிருந்த பலவற்றைக் காத்தவர்கள், அங்கே படித்து முதுமை எய்திய பழைய மாணவர்களே.

வரைபடத்தில் இருந்தும் மறக்கப்பட்ட அடக்கத் தலம்

1991இல் நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில், அரசு அலுவலகம் ஒன்றுக்காக அடித்தளம் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. 1690களிலிருந்து 1794 வரை, அடிமைகளாகவும் சுதந்திரமாகவும் அந்நகரில் வாழ்ந்த ஆப்பிரிக்கர்கள் அடக்கம் செய்யப்பட்ட இடம் அது. ஏறத்தாழ 15,000 பேர் அங்கு அடங்கியிருக்கலாம் என்று ஆய்வாளர் மதிப்பிட்டனர்.

இதில் நம்மை வியக்கவைப்பது ஒன்றுண்டு. 1755ஆம் ஆண்டின் நகர வரைபடத்திலேயே அந்த அடக்கத் தலம் பெயரிட்டுக் காட்டப்பட்டிருந்தது. ஆதாரம் இல்லாமல் இல்லை. அதைப் பொருட்படுத்துவார் இல்லை. மேலே மண் கொட்டிக் கட்டடங்கள் எழுந்துவிட்டதால், எதுவும் எஞ்சியிராது என்று கருதினர். பெயர் எழுதி வைத்தால் மட்டும் போதாது. அதை எடுத்துப் படித்து, 'இது எங்களுடையது' என்று சொல்ல ஆட்களும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

கறுப்பின மக்கள் திரண்டு எதிர்த்தனர். 1992இல் அவ்விடத்தில் தோண்டும் பணி நிறுத்தப்பட்டது. தோண்டி எடுக்கப்பட்ட 419 பேரின் எச்சங்களும் கறுப்பின மக்களின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் மரியாதையோடு ஆராயப்பட்டு, 2003இல் அவ்விடத்திலேயே மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. 2006இல் அது தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு டிசம்பரில், கைவிடப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்க அடக்கத் தலங்களைக் கண்டறிந்து காக்க, ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் வரை மானியம் வழங்கலாம் என்னும் சட்டமும் நிறைவேறியது.

எழுதுவதற்குக் கிடைத்த மானியம்

2014ஆம் ஆண்டில் தேசியப் பூங்காத் துறை ஒரு புதிய மானியத் திட்டத்தைத் தொடங்கியது. பதிவேட்டில் உரிய இடம் பெறாத சமுதாயங்களுக்கானது அது. தொடக்கத்தில் ஒதுக்கப்பட்ட தொகை 5 லட்சம் டாலர். வரலாற்றுப் பாதுகாப்பு நிதிக்குச் சட்டம் அனுமதித்த உச்ச அளவோடு ஒப்பிட்டால், இது முந்நூற்றில் ஒரு பங்கு. மிகச் சிறிய தொகைதான்.

ஆனால் அத்தொகை எதற்காக என்பதில்தான் நமக்கான படிப்பினை இருக்கிறது. ஒரு செங்கல் வாங்குவதற்கும் அப்பணத்தைச் செலவிட இயலாது. ஊர் ஊராகச் சென்று இடங்களைக் கணக்கெடுக்க வேண்டும். முதியோரிடம் கேட்டு எழுத வேண்டும். பழைய பத்திரங்களையும் படங்களையும் தேடிச் சேர்க்க வேண்டும். முடிவில் பதிவேட்டுக்குப் புதிய முன்மொழிவு ஒன்றை அளிக்க வேண்டும், அல்லது முன்பே உள்ள பதிவில் விடுபட்ட வரலாற்றைச் சேர்த்துத் திருத்த வேண்டும். மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகங்களும், பூர்வகுடியினரின் அமைப்புகளும், தகுதிபெற்ற உள்ளாட்சிகளும் இதற்கு விண்ணப்பிக்கலாம். ஈட்டுத் தொகை திரட்ட வேண்டும் என்ற கட்டாயமும் வைக்கப்படவில்லை.

மேலோட்டமாகப் பார்ப்பவர், 'கூரை ஒழுகும்போது காகிதத்துக்கா பணம்?' என்று கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும் அந்நாட்டின் நடைமுறையில், கூரைக்கான பெரிய மானியங்கள் பலவற்றுக்கும் பதிவேட்டில் இடம்பெற்றிருப்பதோ, இடம்பெறும் தகுதியோதான் நுழைவாயில். முன்மொழிவு எழுதுவதற்கோ வரலாற்றறிஞர், கட்டடக் கலைஞர் ஆகியோரின் துணை தேவை. அதற்குச் செலவிட முடியாதவர்கள் வாசலுக்கே வர இயலாது. எனவே, வாசல் வரை அழைத்துவர ஒரு தொகை வேண்டும் என்று உணர்ந்ததே இத்திட்டத்தின் சிறப்பு. வேலியை உடைக்கவில்லை என்றாலும், அதில் ஒரு படலையாவது திறந்தார்கள்.

கூரைக்கும் சுவருக்கும்

வழிபாட்டுத் தலத்துக்கு அரசுப் பணம் தரலாமா என்னும் வினா அமெரிக்காவில் நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. மதத்தை அரசு நிறுவலாகாது என்பது அந்நாட்டு அரசியல் சாசனத்தின் விதி. 2003இல், பாஸ்டன் நகரின் பழைய வடக்குத் தேவாலயத்துக்கு 3,17,000 டாலர் வழங்கப்பட்டபோது அரசின் முந்தைய நிலை மாறியது. வரலாற்றுச் சிறப்பைக் காப்பதற்கே பணம் தரப்படுகிறது, வழிபாட்டுக்காக அல்ல என்பது அதன் அடிப்படை. அமெரிக்க விடுதலைப் போரோடு தொடர்புடைய புகழ்மிக்க தேவாலயத்துக்காகத் திறந்த கதவு, பின்னர் எளியோரின் தேவாலயங்களுக்கும் வழிவிட்டது.

2016இல் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தோடு தொடர்புடைய இடங்களுக்கென்றே தனி மானியத்தைக் காங்கிரஸ் சபை ஏற்படுத்தி, 80 லட்சம் டாலர் ஒதுக்கியது. பயன்பெற்றவற்றுள் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரிலுள்ள பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயமும் ஒன்று. 1963 செப்டம்பர் 15ஆம் நாள், ஞாயிறு காலையில், இனவெறியர் வைத்த வெடிகுண்டால் நான்கு சிறுமியர் உயிரிழந்த இடம் அது.

அரசுக்கு அப்பாலும் முயற்சிகள் எழுந்தன. தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை 2017 நவம்பரில், கறுப்பினப் பண்பாட்டு மரபுக்கென இரண்டரைக் கோடி டாலர் திரட்டும் இலக்கோடு ஒரு செயல் நிதியைத் தொடங்கியது. 2018இல் 16 இடங்களுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் வழங்கியது. 2022இல் லில்லி அறநிதியம் கறுப்பினத் தேவாலயங்களுக்கென 2 கோடி டாலர் அளித்தது. 2023 ஜனவரியில் முதல் தவணையாக 35 தேவாலயங்கள் 40 லட்சம் டாலர் பெற்றன.

மானியத்தின் மறுபக்கம்

மானியம் பெறுவதால் வரும் கட்டுப்பாடுகளையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கட்டுமானத்துக்கு மத்திய மானியம் பெற்றவர், அரசு வகுத்த பாதுகாப்பு நெறிகளின்படியே வேலை செய்ய வேண்டும். பல ஆண்டுகளுக்குக் கட்டடத்தை மாற்றுவதில்லை என்று பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆண்டில் குறிப்பிட்ட சில நாட்களாவது பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட வேண்டும். தொழுவோர் பெருகும் ஒரு பள்ளிக்கு இது சுமையாகவும் ஆகலாம். பதிவேட்டில் இடம்பெறுவதும் முழுப் பாதுகாப்பு அன்று. தனியார் தம் சொந்தப் பணத்தில் தம் கட்டடத்தை இடித்தால், பதிவேடு மட்டும் தடுத்துவிடாது.

அரசியல் காற்று மாறினால் நிதியும் மாறும். 2025இல் அமெரிக்க அரசு முன்வைத்த அடுத்த நிதியாண்டுக்கான வரவு செலவுத் திட்டம், வரலாற்றுப் பாதுகாப்பு நிதியைக் கறுப்பினக் கல்லூரிகளுக்கான பகுதி நீங்கலாக ஏறக்குறைய முழுவதும் நீக்க யோசனை கூறியது. ஒருவர் கையொப்பத்தால் வந்தது, மற்றொருவர் கையொப்பத்தால் போகக்கூடும். மான்சனாரின் நினைவுப் பயணமும், ரோசன்வால்ட் பள்ளிகளின் பழைய மாணவர் சங்கங்களும் எவருடைய கையொப்பத்தையும் நம்பித் தொடங்கியவை அல்ல.

பதின்மூன்று பக்கங்கள்

ஜார்ஜியா மாநிலக் கடலோரத்தில் சப்பெலோ என்னும் தீவு உள்ளது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே அடிமையாக வாழ்ந்தவர் பிலாலி முஹம்மத். அவர் தொழுததையும் தஸ்பீஹ் மணி உருட்டியதையும், 1930களில் அவருடைய சந்ததியினர் நினைவுகூர்ந்து சொல்லியிருக்கின்றனர். அவர் அரபியில் எழுதிய பதின்மூன்று பக்கங்கள் இன்றும் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் உள்ளன. நெடுநாள் அதை அவருடைய நாட்குறிப்பு என்றே எண்ணியிருந்தனர். அறிஞர்கள் படித்துப் பார்த்தபோது, அது மாலிகி மத்ஹபின் சட்ட நூலான இப்னு அபீ ஸைத் அல்கைரவானியின் 'ரிஸாலா'வைத் தழுவிய பகுதிகள் என்று தெரிந்தது. ஓதிய பாடத்தைப் பல்லாண்டுகளுக்குப் பின், அடிமைத்தளையில் இருந்துகொண்டு, நினைவிலிருந்து எழுதியிருக்கிறார்! அவர் தொழுத இடத்தில் ஒரு சுவரும் இல்லை. ஆயினும் அங்கொரு முஸ்லிம் கல்விமான் வாழ்ந்தார் என்பதை எவராலும் மறுக்க முடியாதவாறு அப்பக்கங்கள் சாட்சி சொல்கின்றன.

இனி, முதலில் கேட்ட வினாவுக்குத் திரும்புவோம். சீடர் ராப்பிட்ஸ் பள்ளி நிலைத்ததற்குக் காரணம், விற்றபின்பும் அதை மறவாத ஒரு ஜமாஅத் அருகில் இருந்ததுதான். அவர்கள் மீட்டு வாங்கிய பின்னரே பதிவேடு வந்தது. ராஸில் கலைந்துபோன ஜமாஅத்தால் பள்ளியைக் காக்க முடியவில்லை. எனினும் மையவாடியின் கற்களில் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அம்மக்களின் வழிவந்தோர் முயன்று, 2005இல் அவ்விடத்தருகே மீண்டும் ஒரு சிறு பள்ளியை எழுப்பினர். அந்த மையவாடி பின்னாளில் தேசியப் பதிவேட்டிலும் ஏறியது. பள்ளி போன பின்னும், பெயர்கள் அவ்வூரைக் காத்துக் கொடுத்தன.

தாய்ப் பள்ளிவாசலுக்கும் ஒரு சோதனை நேர்ந்தது. 2008 ஜூன் மாதத்தில் சீடர் நதி பெருக்கெடுத்தபோது, பள்ளியின் நிலவறையில் வெள்ளம் புகுந்தது. அங்கே வைத்திருந்த நூல்களும் ஆவணங்களும் பெருஞ்சேதமுற்றன. கட்டடத்தை மீண்டும் துடைத்துச் செப்பனிட முடிந்தது. நனைந்து சிதைந்த காகிதத்தை எந்தக் கொத்தனார் திரும்பக் கட்டித் தருவார்?

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும், சாட்சி வைக்கவும் வலியுறுத்தும் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை ஆலிம்கள் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். சிறிதாயினும் பெரிதாயினும் எழுதுவதில் சோர்வு கூடாது என்பது அதன் கருத்து. முன்னோர் நமக்கு விட்டுச் சென்றவையும் ஒருவகைக் கடனே.

இக்கட்டுரையைப் படிக்கும் நீங்கள், இதே மலரில் அச்சாகியுள்ள வரவு செலவுக் கணக்கையும் சந்தாதாரர் பட்டியலையும் பெரும்பாலும் புரட்டிவிட்டுப் போவீர்கள். நாமும் அவ்வாறு செய்தவர்களே. ஆனால் பிற்காலத்தில் ஒருவர் நம் பள்ளியின் வரலாற்றைத் தேடி வந்தால், அவர் முதலில் கேட்பது அந்தப் பக்கங்களைத்தான். ஹவுளுக்கு யார் கொடுத்தார்? மனைக்கட்டை எந்த ஆண்டு, எந்தத் தாய் வக்ஃபு செய்தார்? முதல் மக்தபில் ஓதிக் கொடுத்தவர் எவர்? இவற்றை அறிந்த முதியோர் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். பழைய தீர்மானப் புத்தகங்கள் எந்த அலமாரியில், எந்த ஈரத்தில் இருக்கின்றன என்பதை அடுத்த மழைக்கு முன்பாகப் பார்த்துவிடுவது நல்லது. அதற்கு மானியம் எதுவும் தேவையில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் நான்கு பேர் அமர்ந்தால் போதும்.

எல்லாம் வல்ல அல்லாஹ் அதற்கு நமக்கு நல்லுதவி புரிவானாக. ஆமீன்.